சத்தம் அணைத்த செர்ரிப் பூக்கள்

என் செல்வி அக்காவுக்கு,

இங்கே நம் ஊர் பசுந்தாங்கில் நம் கட்டடம் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் கயிறும் மணியும் இருக்கின்றன. காய்கறிக்காரர் மணியை இழுத்தால் அத்தை, அதான் உன் அம்மா, முன்போல எட்டிப் பார்த்துப் பேரம் பேசுவதில்லை. கூடையை இறக்கிவிட்டுச் சும்மா நிற்கிறார்.

ஜப்பானிலிருந்து நீ வெள்ளைத் துணி சுற்றிய சிறு அஸ்திப் பெட்டியாக வந்து ஓராண்டு ஆகப்போகிறது. சாதாரணக் காய்ச்சல்தானே என்று யாரிடமும் சொல்லாமல் வேலைக்குப் போனாயாம். முகம் பார்க்காமல் எப்படி நம்புவது என்று அத்தை இன்னும் கேட்கிறார்.

போன வாரம் எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். "பாப்பா, அவ செர்ரிப் பூவ புடிச்சு அனுப்புவாளே, நீ பாட்டு சேர்ப்பியே, அதக் காட்டு" என்றார்.

காட்டினேன். நீ வேலை பார்த்த முதியோர் இல்லத்தின் பின்புறம், ஓய்வு நேரத்தில் எடுத்த வீடியோக்கள். மொட்டுகளுக்குப் புல்லாங்குழலில் மோகனம். இதழ் உதிர்வதற்கு வயலினில் சகானா. எந்த இதழ் எந்தச் சுரத்தில் விழ வேண்டும் என்று நாள்கணக்கில் உட்கார்ந்து சேர்த்தவை.

அத்தை கடைசிவரை பார்த்தார். "பாட்டு நல்லாத்தான் இருக்கு. அவ பேசுனது எங்க?"

நீ எல்லாவற்றிலும் பேசினாய், அக்கா. "ஏய் பட்டதாரி, பாத்தியாடி!" என்று கத்துவாய். எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் பட்டம் வாங்கியதை என்னைவிட நீதான் ஊருக்கெல்லாம் சொன்னாய். வீடியோவைப் பார்க்கும் நாலு பேர் அதைக் கேட்பார்களே என்று எனக்குக் கூச்சம். அதனால் முதல் வேலையாக உன் சத்தத்தை அணைப்பேன். அப்புறம்தான் இசை. இடம் போதவில்லை என்று நீ அனுப்பியவற்றையும் அழித்துவிட்டேன். உன் குரல் செய்திகள் என் பழைய போனோடு போயின.

அத்தையிடம் இதைச் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. "ஒண்ணுகூடவா இல்ல?" என்று மட்டும் கேட்டார்.

தேடினேன். கரண்ட் வந்ததும் தெருப்பிள்ளைகள் பர்மிய மொழியில் "மீ லாபி!" என்று கூவுவார்கள், நான் கணினிக்கு ஓடுவேன். மூன்றாம் நாள், ஒரு பழைய மெமரி கார்டில் ஒன்று கிடைத்தது. நீ கடைசியாக அனுப்பியது. அது வந்த அன்று இங்கே கரண்ட் இல்லை. பிறகு பாட்டுச் சேர்க்கலாம் என்று திறக்காமலே கார்டில் போட்டு வைத்திருந்தேன். அது வந்த ஐந்தாம் நாள் நீ போன செய்தி வந்தது. அந்தக் கார்டை நான் அதற்கப்புறம் தொடவில்லை.

கீழே எடுத்துப் போய் அத்தையோடு பார்த்தேன். பதினோரு நொடி. கிளை ஆடுகிறது, காற்று இரைகிறது. "ஏய் பட்டதாரி, இதுக்கு அழுவுற பாட்டு போடாதடி. இங்க தாத்தாங்க எல்லாம் என்னக் கேலி பண்றாங்க. அம்மாகிட்ட சொல்லு, கம்பளி போட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

"பொய் சொல்றா" என்றார் அத்தை. "மூக்கடைச்சுப் பேசுறா பாரு. நெஞ்செல்லாம் சளி." மறுபடி போடச் சொன்னார். மறுபடியும்.

சுருதி கொஞ்சம் விலகினாலும் என் காதுக்குத் தெரியும் என்று பெருமைப்பட்டவள் நான். அன்றே திறந்திருந்தால் உன் சளி எனக்குக் கேட்டிருக்குமா? கேட்டிருக்காது. ஆனால் அத்தைக்குக் கேட்டிருக்கும். படியிறங்கிப் போய் அவரிடம் காட்டியிருந்தால் போதும்.

இப்போது அவர் தினமும் ஒருமுறை அதைக் கேட்கிறார். முகத்தைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். நம்பிவிட்டார் போலிருக்கிறது. அது நல்லதா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பதினோரு நொடிக்கு நான் இசை சேர்க்க மாட்டேன், அக்கா. நம் தெருமுனைப் பிடாவ் மரம் முதல் மழைக்குக் காத்திருக்கிறது. ஒரே நாளில் மஞ்சளாகப் பூத்துக் கொட்டிவிடும். அன்றைக்கு அத்தையைக் கூட்டிப் போவேன். பூவைப் படமெடுப்பேன். அவர் பேசுவார், நானும் நாலு பேர் கேட்கச் சத்தமாகப் பேசுவேன். எதையும் அணைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
கூடப் பிறக்காத உன் மேல்மாடித் தங்கை