பதினைந்தாவது அத்தியாயத்தில் நின்றுவிட்டேன்

திருமுல்லைவாயில்
ஜூலை 11, சனிக்கிழமை

அன்பு மகள் ரெனிதாவுக்கு,

ஆண்டவர் அருளால் இங்கே நான் சுகம், அங்கே நீயும் காய்ச்சல் சளி எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் ஜெபமாலை முடிவில் உன் பெயரைச் சொல்கிறேன். நியூசிலாந்தில், அதுவும் ஹாமில்டனில், ஜூலையில் குளிர் கடுமை என்று கேள்விப்பட்டேன், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒன்றை ஆரம்பிப்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, இல்லையென்றால் எனக்குத் தைரியம் போய்விடுகிறது. தாளில் என்றால் மார்ஜின் விட்டு ஒழுங்காக எழுதலாம். கான்வென்ட்டில் சிஸ்டர் பழக்கிவிட்டபடி முதலில் குறிப்பு எடுத்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன், ஆனால் குறிப்பின் வரிசைப்படி இது வரப்போவதில்லை என்று இப்போதே தெரிகிறது.

நம் தெருவில் மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், வாசலில் பலகை போட்டுத்தான் இறங்க வேண்டியிருக்கிறது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. கண்ணைக் காட்டப் பாடிக்குப் போய் வந்தேன், அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். மாடி வீட்டு எழிலரசி நன்றாக இருக்கிறாள், அம்மா வீடு வெள்ளானூர், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறேனே, அவள்தான். என் கதைக்கு வேண்டிய தொழிற்சாலை விவரமெல்லாம் அவள் சொல்லித்தான். கதையைப் பற்றித்தான் இந்தக் கடிதம், அல்லது கதையில் ஆரம்பித்து எங்கேயோ போகிற கடிதம்.

போன வருஷம் நீயே என் போனில் இறக்கிக் கொடுத்த அந்தக் கதைச் செயலியில் வெள்ளிக்கிழமைதோறும் ஓர் அத்தியாயம் போடுகிறேன், பதினான்கு முடிந்துவிட்டது, மொத்தம் இருபத்து நான்கு என்று திட்டம். ஆபீஸ் காதல், அதுவும் மெதுவாக வளர்கிற காதல். இந்த வகைக்கு அங்கே ‘ஸ்லோ பர்ன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், குழம்பைச் சிம்மில் வைப்பது போல என்று நான் புரிந்துகொண்டேன். இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிற பவ்யா, மெஷினில் நிற்கிற பாஸ்கரன், நடுவில் ஒரு மேஜை. சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். காதல் கதையில் கேள்வி எப்போது சேர்வார்கள் என்பதுதான் என்று எண்ணியிருந்தேன். எழுத உட்கார்ந்தால் கேள்வி அதுவே இல்லை, ஏன் இன்னும் சொல்லவில்லை என்பதற்கு வாரத்துக்கு ஒரு நியாயமான காரணம் வேண்டியிருக்கிறது. ஷிஃப்ட் மாறும், ஆடிட் வரும், ஒருவருக்கு அம்மை போடும். காரணம் தீர்ந்த வாரம் பாஸ்கரன் கோழையாகத் தெரிகிறான், காரணத்தைப் பலமாக வைத்தால் பவ்யா கல்நெஞ்சக்காரியாகத் தெரிகிறாள். ஒரு பக்கத்தில் இருவரையும் ஓரடி நெருங்க வைத்தால் அடுத்த பக்கத்தில் அரை அடி தள்ளி வைக்க வேண்டும், ஆனால் தள்ளியது நான்தான் என்று வாசிப்பவர்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்துவிடுகிறது. ஒருத்தி, “ஆன்ட்டி, பாஸ்கரனுக்கு வாய் இருக்கா இல்லையா, நான் வேணா வந்து சொல்லட்டா” என்று கருத்துப் போடுகிறாள். இன்னொருவர், “ரெண்டு பேரும் ரிட்டயர் ஆகி செண்டாஃப்ல மைக்கப் புடிச்சித்தான் சொல்லுவாங்க போல” என்கிறார். எழிலரசி படியில் இறங்கும்போதே, “இன்னா ஆன்ட்டி, பதினாலு வாரமா அந்தாளு கையில பீஸ வெச்சிகினே நிக்கிறான், எங்க லைன்ல இப்டி நின்னா மெமோ குடுத்து ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க” என்று சிரிக்கிறாள்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. முப்பத்தோரு வருஷம் ஆபீஸில் ஸ்டெனோவாக இருந்தேன், என் மேஜைக்கு முன்னால் எத்தனையோ நடந்திருக்கும், நான் தலை நிமிர்ந்து பார்த்ததில்லை, பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுத்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. என் கதையோ உனக்குத் தெரியும். உன் அப்பா பெண் பார்க்க வந்தபோது ஒரு தடவை பார்த்தது, பிறகு மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்தார்கள், நாலாவது வாரம் கல்யாணம். பூசை முடிவில் சாமியார் எங்கள் இரண்டு பெயரையும் சேர்த்து வாசித்தபோது முதல் வாரம் வெட்கமாக இருந்தது, இரண்டாம் வாரம் பழகிவிட்டது, மூன்றாம் வாரம் இதோடு முடிந்துவிடுமே என்று இருந்தது. எனக்குத் தெரிந்த மெதுவான காதல் அந்த மூன்று ஞாயிறுதான். அதை வைத்துக்கொண்டு இருபத்து நான்கு அத்தியாயம் எப்படி எழுதுவது.

இப்போது சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். ஆறாவது அத்தியாயம் வரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முதல் கருத்து உன்னுடையது, “அம்மா, ஒரு சந்திப்பிழை” என்றாவது எழுதுவாய். ஆறுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. எட்டு வாரம் ஆகிறது. போனில் கேட்டால் வேலை என்கிறாய், குளிர் என்கிறாய். ஆறாவது அத்தியாயத்தில்தான் பவ்யா மறந்து வைத்துவிட்டுப் போன டிபன் பாக்ஸைப் பாஸ்கரன் கழுவித் துடைத்து, லீவு நாளில் அவள் வீட்டு கேட் வரை கொண்டுபோய்க் கொடுக்கிறான். அந்த அத்தியாயத்துக்குத்தான் நிறையப் பேர் பாராட்டினார்கள். நான் அதைக் கற்பனை செய்யவில்லை, ரெனிதா. உனக்கு அது முன்பே தெரிந்திருந்ததா, இல்லை வாசித்தபோதுதான் புரிந்ததா, இல்லை உண்மையிலேயே உனக்கு வேலைதானா, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன் நீ பாடி கம்பெனியில் இருந்தபோது, அத்தை மகள் கல்யாணத்துக்கு அப்பாவோடு வெள்ளிக்கிழமை ஆபீஸிலிருந்தே நேராகத் திருச்சிக்கு ரயில் ஏறினாய். மறுநாள் மத்தியானம் உங்கள் டூல் ரூம் உதயகுமார் நம் வீட்டுக்கு வந்தார். உன் டிபன் பாக்ஸை எடுத்து வந்திருந்தார். “மேடம் செக்‌ஷன்லயே வுட்டுட்டுப் போய்ட்டாங்கம்மா, திங்கக்கெழம வரிக்கும் இருந்தா நாறிடும், அதான் கழுவி எடுத்தாந்தேன்” என்றார். நான் கேட்டைத் திறக்கவில்லை. கம்பி வழியாக வாங்கிக்கொண்டு, எந்தப் பங்கு, எந்தக் கோயிலுக்குப் போவீர்கள் என்று கேட்டேன். “எங்களுக்குப் பொன்னியம்மன் கோயில்தாம்மா” என்றார். எந்தப் பள்ளிக்கூடம் என்றேன், கார்ப்பரேஷன் ஸ்கூல் என்றார். அப்பா என்ன செய்கிறார் என்றேன், பாடியில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறார் என்றார். மூன்று கேள்விக்கும் கண்ணைப் பார்த்துப் பதில் சொன்னார். நீ வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லும் விதத்தை நான் அதற்கு நாலு மாதம் முன்பே கவனித்துவிட்டேன். மற்றவர் முகத்தைப் பார்க்காத எனக்கு உன் முகம் மட்டும் தெரிந்துவிட்டது. உடனே, ரெனிதாவுக்கு வரன் முடிந்துவிட்டது, நாளை ஞாயிறு முதல் ஓலை வாசிக்கப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். அப்படி ஒரு வரனே கிடையாது. “ஓலைன்னா இன்னாம்மா” என்று கேட்டார். மூன்று ஞாயிறு தொடர்ந்து கோயிலில் மாப்பிள்ளை பெண் பெயரை அறிவிப்பார்கள், இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று விளக்கினேன். “யாருன்னா சொல்லலாமா” என்றார். தகுந்த காரணம் இருந்தால் என்றேன். தலையாட்டிவிட்டு, “மூடி கொஞ்சம் டைட்டா கீதும்மா, பாத்து தொறங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பூசைக்குப் போனால் கோயில் முற்றத்து மாதா கெபிக்குப் பக்கத்தில் நிற்கிறார். நாம் செருப்போடு உள்ளே போகிறோம், அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெயில் தரையில் பூசை முடிகிற வரை நின்றார். அறிவிப்பெல்லாம் வாசித்தார்கள், யார் யாருக்கோ ஓலை வாசித்தார்கள், உன் பெயர் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வந்தார். மூன்றாவது ஞாயிறும் வந்தார். மூன்றாவது வாரம் நான் வெளியே வரும்போது சண்டைக்குத் தயாராகத்தான் வந்தேன், என்ன கேட்டால் என்ன சொல்வது என்று மனத்தில் எழுதியே வைத்திருந்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, “வர்றேம்மா” என்றார், அவ்வளவுதான். பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. டிபன் பாக்ஸை உன் பையில் நானே வைத்தேன், நீ அதைத் தேடவே இல்லை. ஐந்து மாதத்தில் வேலையை விட்டுவிட்டு நியூசிலாந்து போகிறேன் என்றாய், ஏன் என்று நானும் கேட்கவில்லை. அந்த மூன்றில் கடைசி இரண்டு ஞாயிறும் நீ பாட்டுக் குழுவோடு மேல் மாடத்தில் நின்றாய். அங்கிருந்து பார்த்தால் கெபி தெரியுமா தெரியாதா என்று இந்த முழங்காலோடு போன வாரம் படியேறிப் பார்த்தேன். நன்றாகத் தெரிகிறது.

போன வாரம் ஏன் ஏறினேன் என்றால், அந்தச் செவ்வாய்க்கிழமைதான் கண்ணைக் காட்டிவிட்டுப் பாடியில் ஆவடி பஸ் ஏறினேன், நிற்கவும் இடமில்லை. ஒருவர் எழுந்து, “குந்துங்கம்மா” என்றார். உட்கார்ந்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன், உதயகுமார். முன்பக்கம் முடி கொட்டியிருக்கிறது, வேறு மாற்றமில்லை. என்னைத் தெரிந்துதான் எழுந்திருக்கிறார். “மேடம் நல்லா கீறாங்களாம்மா” என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டேன். சிரித்தார். “எனுக்கு இன்னும் ஓலை படிக்கலம்மா” என்றார்.

வீட்டுக்கு வந்து அன்றே அந்தப் பொய்யையும் மூன்று ஞாயிற்றையும் பதினைந்தாவது அத்தியாயமாக எழுதினேன், பாஸ்கரன் கெபியடியில் நிற்பது போல. இவ்வளவு நல்ல கட்டம் பதினான்கு வாரத்தில் எனக்கு அமையவில்லை, அதுவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு கதை நகரவில்லை. பொய் என்று தெரிந்த பிறகும் பாஸ்கரன் ஏன் பவ்யாவிடம் பேசவில்லை? இப்படிப் பொய் சொல்லும் தாய் சம்மதிக்கவே மாட்டாள் என்று விலகினானா, அவளிடம் சொல்லி அவள்தான் அம்மாவுக்காக வேண்டாம் என்றாளா, அவனுக்கு மனத்தில் அப்படி ஒன்றுமே இல்லாமல் நான்தான் பூதம் கண்டேனா. எதை எழுதினாலும் பொருந்துகிறது, பொருந்துவதால்தான் ஒன்றையும் நம்ப முடியவில்லை. யாரைப் பற்றியது என்று சொல்லாமல் எழிலரசியிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவள் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “அவன் ஏன் பேசலன்றது கெடக்கட்டும் ஆன்ட்டி, அந்தம்மா இன்னாத்துக்குப் பொய் சொன்னாங்க? அத்த எழுதவே இல்லியே” என்றாள். என் தலை நிமிரவில்லை. நானும் நாலு நாளாக யோசிக்கிறேன், எழுதத் தகுந்த ஒரு காரணம் கிடைக்கவில்லை. அந்த மூட்டைக்காரர் மகன் பெயரும் உன் பெயரும் சேர்ந்து நம் கோயிலில் வாசிக்கப்படுவதை முன் வரிசையில் உட்கார்ந்து என்னால் கேட்க முடியாது என்று தோன்றியது, அவ்வளவுதான் காரணம். இதைக் கதையில் வைத்தால் அந்தத் தாயை ஒருவரும் மன்னிக்க மாட்டார்கள், நானே பிழையென்று சிவப்பு மையில் அடித்துவிடுவேன்.

எழிலரசி கம்பெனியில் சரியா தவறா என்று தெரியாத சாமானுக்கு மஞ்சள் சீட்டு ஒட்டித் தனியே வைப்பார்களாம், மூன்று ஷிஃப்டுக்கு மேல் அப்படி நிற்கக் கூடாதாம், யாராவது பார்த்துக் கையெழுத்துப் போட்டு இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் அனுப்ப வேண்டுமாம். நான் ஒன்பது வருஷம் நிறுத்தி வைத்துவிட்டேன், கையெழுத்துப் போடுகிற உரிமை எனக்கு இருந்ததே இல்லை. நேற்று வெள்ளிக்கிழமை அத்தியாயம் போடவில்லை. ஆசிரியருக்கு உடல்நலமில்லை என்று அறிவிப்புப் போட்டேன், பிறகு அதுவும் பொய்தானே என்று அழித்துவிட்டேன். பதினைந்தாவது உன்னுடையது, நீ போடு என்றால் போடுகிறேன், கிழி என்றால் கிழிக்கிறேன். என்மேல் கோபமாக இரு, ஆனால் வேலை என்று மட்டும் சொல்லாதே.

வேறென்ன. வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. வைட்டமின் மாத்திரையை நிறுத்தாதே. தலை முடிக்கு எண்ணெய் வை, அங்கே யாரும் பார்த்துச் சிரிக்கப் போவதில்லை. தேவமாதா உன்னைத் தம் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் அப்பாவின் ஆசியும் என் ஆசியும் உனக்கு உண்டு, என் ஆசியை நீ ஏற்றுக்கொள்ள மனமிருந்தால். கடைசியாக ஒரு குறிப்பு. அன்று பஸ்ஸில் உதயகுமார் எஸ்டேட் நிறுத்தத்தில் இறங்கும் முன், கண் டாக்டர் சீட்டை நீட்டி அதன் பின்பக்கத்தில் நம்பர் எழுதித் தரச் சொன்னேன். எதற்கு என்று கேட்காமல் எழுதினார், ஓடுகிற பஸ்ஸில் எழுதியதால் கடைசி இரண்டு எண் கோணலாக இருக்கும், நாற்பத்தேழு என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். நான் கூப்பிடவில்லை, கூப்பிடவும் மாட்டேன். சீட்டை இந்தக் கடிதத்தோடுதான் மடித்து வைத்திருக்கிறேன். உறையை ஓரத்தில் பார்த்துக் கிழி.

இப்படிக்கு,
உன் அம்மா
தெரசா ஜோஸ்