மூன்றாம் இணைப்பு

நிலவுத் தென்துருவ நிலையம். எழுதுவது ஜெனோவா, தகவல்தொடர்புப் பொறியாளர். தற்சமயம் தனி ஆள்.

நாள் 41, 06:10
வேவ்கைடு சுத்தம் செய்து முடித்தேன். மில்லிமீட்டர் அலையை டிரான்ஸ்மிட்டரிலிருந்து டிஷ்ஷுக்குக் கொண்டுபோகும் செவ்வகக் குழாய். உள்ளே ஓர் அரிசிதான் நுழையும். மூன்று இணைப்புகளையும் என் கையாலேயே முடுக்கினேன். இசக்கியப்பன் அண்ணன் சரக்குக் கலத்தோடு 09:12க்குக் கிழக்கு இறங்குதளத்தில் இறங்குகிறார். நிலையம் பேசாவிட்டால் எல்லாம் சரி என்று பொருள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நாங்கள் வைத்திருக்கும் வழக்கம் அது.

06:52
தரை குலுங்கியது. கிழக்குத் தளத்தில் வெடிப்பு, அடியில் பள்ளம். கலம் நின்றால் உள்ளே போய்விடும். மேற்குத் தளத்துக்கு மாறச் சொல்ல வேண்டும். நேரம் தாராளமாக இருக்கிறது.

07:05
செய்தி போகவில்லை. அனுப்பிய அலை அப்படியே திரும்பி வருகிறது, டிரான்ஸ்மிட்டர் அணைந்துவிடுகிறது. கேட்கும் குழாய் தனி, அது நன்றாக இருக்கிறது. மாற்று ரேடியோ பழுதுபார்க்கப் போய், அண்ணனோடுதான் திரும்பி வருகிறது.

08:20
டிரான்ஸ்மிட்டரைப் பிரித்து மாட்டிவிட்டேன். பலனில்லை. டிஷ் சரி. வேவ்கைடில் பிழை இருக்காது, நான் முடுக்கியது.

08:41
அண்ணனின் குரல் வந்தது: "ஜெனோ, வந்துக்கிட்டே இருக்கேன். ஒன் சத்தத்தையே காணோம், அப்ப எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒனக்கு மாங்கா ஊறுகா கொண்டாரேன், பாத்துக்கோ."
வேறு வழியில்லை, வேவ்கைடைத் திறக்கிறேன்.

08:58
முதல் இணைப்பு சுத்தம். இரண்டாவதும்.

09:06
மூன்றாவது. குழாயின் வாயில் அலுமினிய ஒட்டுத்தாள். தூசி போகாமலிருக்க நானே ஒட்டியது. உரிக்காமல் முடுக்கியிருக்கிறேன். பாவி நான். திருகு எங்கேயோ உருண்டுவிட்டது.

09:12
தாளை உரித்து, இரண்டு திருகோடு மாட்டி அனுப்பினேன். போகிறது! மேற்கு, மேற்கு என்று கத்தினேன்.
"ஏ ஜெனோ, என்னத்துக்கு இப்படிக் கத்துத? எறங்கியாச்சு. இஞ்சினையும் அணைச்சிட்டேன்."
திரும்பக் கிளப்ப நான்கு நிமிடம் ஆகும். கிளப்புங்கள் என்றேன். காரணம் சொன்னேன். அவர் பொத்தான்களை அழுத்தும் சத்தம் கேட்டது.

09:14
"ஜெனோ. சாயுது, புள்ள."

09:31
அழைத்துக்கொண்டே இருக்கிறேன். என் குரல் இப்போது தெளிவாகப் போகிறது. கிழக்கு ஜன்னலுக்குப் பதினோரு படி. இன்னும் ஏறவில்லை.