பண்டிகையன்று வெட்டிய கேக்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

பண்டிகையன்று லீவு கிடைக்கவில்லை. தலைக்குக் குளித்து, நீங்கள் அனுப்பிய புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு லாண்டரிக்கு வேலைக்குப் போனேன். துணி மடிக்கும் அக்கா பார்த்துவிட்டு, "என்னப்பா, பொறந்த நாளா?" என்றார். பண்டிகையை இந்த ஊர்ப் பாஷையில் விளக்கத் தெரியாமல் தலையை ஆட்டித் தொலைத்தேன். மத்தியானம் பார்த்தால் மேசைமேல் கேக்! சூப்பர்வைசர் உட்பட எல்லாரும் கைதட்டிப் பாடினார்கள். நான் திருதிருவென்று முழித்தேன். பொய் சொன்ன வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும் இரண்டு துண்டு சாப்பிட்டேன். அன்று கொண்டாடினேனா, ஏமாற்றினேனா என்று இன்னும் பிடிபடவில்லை.

மனசு கேட்காமல் நேற்று, தெரிந்த அரைகுறைப் பாஷையில் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவே இல்லை. "அதுக்கென்ன, உன் நிஜப் பொறந்த நாளுக்கு இன்னொண்ணு வெட்டுவோம். ஆமா, பண்டிகைக்கு உங்க வீட்டுல என்னல்லாம் செய்வீங்க?" என்று கேட்டார். சொல்ல வாயெடுத்தவன், உங்களிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுத் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். ஏனென்று தெரியவில்லை.

அதனால் இந்த வருஷம் காலையில் எழுந்தது முதல் என்னென்ன செய்தீர்கள், யார் யார் வந்தார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள். அக்காவுக்குச் சொல்லத்தான் கேட்கிறேன்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்