வாசிக்காத பியானோ

ஜனவரி 14, செவ்வாய்

ஒத்திகை. வெளியே நார்வேப் பனி, உள்ளே ஆஸ்பியோனின் பியானோ. இரண்டும் நிற்கிற வழியாக இல்லை.

நாங்கள் நால்வரும் வாசிப்பது எழுதி வைக்காத ஜாஸ். ஒருவர் வாசிப்பதைக் கேட்டு, அந்தக் கணத்தில் தோன்றுவதை மற்றவர் வாசிக்க வேண்டும். இதில் ‘கேட்டு’ என்ற சொல் மட்டும் ஆஸ்பியோனுக்கு ஒத்துவராது. சூனிவா சாக்ஸபோனை வாயில் வைத்து மூச்சிழுப்பதற்குள் பியானோ நாலு ஊர் சுற்றிவிட்டு வந்துவிடுகிறது.

“மூச்சு விடவாவது இடம் குடுங்க” என்றாள்.

“இடத்தக் கேட்டு வாங்கக் கூடாதும்மா. எடுத்துக்கணும்” என்றான்.

குழுவைத் தொடங்கியவன் அவன். குழுவுக்குப் பெயரும் அவன் பெயர்தான். டிரம்ஸ் வாசிக்கிற இங்வேயும் டபுள் பேஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியம் வாசிக்கிற நானும் வாயைத் திறக்கவில்லை. என்றைக்குத்தான் திறந்திருக்கிறோம்?

ஜனவரி 22, புதன்

ஒலிப்பதிவு, முதல் நாள். த்ரோன்ஹெய்ம் நகருக்கு வெளியே ஒரு பழைய மரத் தேவாலயம். எதிரொலி நன்றாக இருக்கும் என்று பிடித்த இடம். இன்று அந்த எதிரொலி முழுக்கப் பியானோ.

திரும்பும்போது காரில் சூனிவா சொன்னாள்: “அக்கா, இவரோட எனக்கு இதுதான் கடைசி ரெக்கார்டு.”

அவள் போனால் குழு அவ்வளவுதான். எனக்கு வேறு யாரோடும் வாசிக்கத் தெரியாது. தெரியாதா, முயன்றதே இல்லையா?

ஜனவரி 23, வியாழன்

நடந்துவிட்டது.

முதல் இசைத் துண்டின் பாதியில் சூனிவா எல்லோரையும் நிறுத்தினாள். ஆஸ்பியோன் பக்கம் திரும்பி, “இப்ப நான் என்ன வாசிச்சேன், சொல்லுங்க பாப்போம்?”

அவன் விழித்தான். “நல்லாத்தான் வாசிச்சே.”

“நான் வாசிக்கவே இல்ல. சும்மா நின்னுட்டிருந்தேன்.”

இங்வே சிரித்துத் தொலைத்தான். அதுதான் வினை. ஆஸ்பியோன் பியானோ மூடியைச் சாத்தினான். “அப்ப நீங்களே வாசிச்சுக்கோங்க.” கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வாசலில் கார் கிளம்பும் சத்தம்.

காப்பி குடித்தோம். பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டியை மென்றோம். ஒலிப்பதிவு செய்யும் ஹால்டிஸ், “சாயங்காலம் வரைக்கும் இடம் நம்மளுது. மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உக்காராம எதையாவது வாசிங்க” என்றாள்.

வாசித்தோம். ஒரே நீண்ட துண்டு. என்ன விசித்திரம் — பியானோ வழக்கமாகப் பாய்ந்து விழும் இடங்களில் எங்கள் கைகள் தாமாகவே நின்றன. பழக்கதோஷம். அந்த வெற்றிடங்களில் எதிரொலி வந்து உட்கார்ந்துகொண்டது. முடிந்தபின் ஹால்டிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சளி என்றாள்.

பிப்ரவரி 6, வியாழன்

ஆஸ்பியோன் போனை எடுப்பதில்லை. முதல் நாள் வாசித்தது இசைத்தட்டின் ஒரு பக்கமாகவும், அந்த நீண்ட துண்டு மறுபக்கமாகவும் வரும். அட்டையில் இரண்டு பக்கத்துக்கும் ‘பியானோ: ஆஸ்பியோன்’ என்று ஏற்கெனவே அச்சடித்துவிட்டார்களாம். இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் சொல்கிறார்: “விடுங்க, யாரு அதையெல்லாம் படிக்கப் போறா?”

மே 30, வெள்ளி

படித்துவிட்டார்கள்.

எங்கள் இசைத்தட்டைப் பற்றி ஒரு ஜெர்மன் பத்திரிகை எழுதுகிறது: ஒரு பக்கம் முழுவதும் ஒரு கட்டையைக்கூடத் தொடாமல் இருக்க ஒரு பியானோக் கலைஞருக்கு எத்தனை துணிவு வேண்டும்! அவர் கேட்டுக்கொண்டிருப்பது நமக்குக் கேட்கிறது!

அந்த நேரத்தில் அவர் நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்கில் ஹாட் டாக் தின்றுகொண்டிருந்தார். அவர் மனைவியே சொன்னாள்.

ஜூன் 11, புதன்

வானொலியில் ஆஸ்பியோன். தலைப்பு: இசையில் மௌனம். ஒரு மணி நேரம் பேசினான். பேட்டி எடுத்தவரை ஒரு கேள்வியைக்கூட முடிக்க விடவில்லை.

போன் செய்தேன். எடுத்தான்! “உண்மையச் சொல்லிடட்டுமாடா?”

“சொல்லேன். எனக்கென்ன?” பிறகு வேறு குரலில், “வேணாம் தோரூன். ரொம்ப நாளைக்கப்புறம் என்னப் பத்தி எழுதியிருக்காங்க.”

சொல்லப் போவதில்லை. எரிச்சலாக இருக்கிறது. அவன் மேலா, என் மேலா?

செப்டம்பர் 20, சனி — கொலோன், ஜெர்மனி

இசை விழாக்காரர்கள் அந்த நீண்ட துண்டைத்தான் கேட்டார்கள். பியானோக் கலைஞர் அவசியம் மேடையில் இருக்க வேண்டுமாம். அவனோடு மறுபடி மேடையேறச் சூனிவா ஒப்புக்கொண்டதற்கு ஒரே காரணம்: “அவரு சும்மா உக்காந்திருக்கறத என் கண்ணால பாக்கணும்.”

அரங்கம் நிறைந்திருந்தது. ஆஸ்பியோன் கைகளை முழங்காலில் வைத்து உட்கார்ந்தான். முதலில் நடித்தான் — கண்ணை மூடி, தலையை மெல்ல ஆட்டி, துணிவு மிக்க கலைஞனாக. பிறகு சூனிவா தாழ்ந்த ஒரு சுரத்தைப் பிடித்து அப்படியே நிறுத்தினாள். அவன் கை எழுந்தது. போச்சு என்று நினைத்தேன். எழுந்த கை கட்டைகளுக்கு மேலே கொஞ்ச நேரம் தொங்கியது. இறங்கி முழங்காலுக்கே போனது. அதற்கப்புறம் நடிப்பு இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. பெரிய வீட்டில் வழி தவறிய ஆள் மாதிரி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான்.

உடை மாற்றும் அறையில் என்னிடம் கேட்டான்: “இங்வே எப்பலேர்ந்து இப்படி வாசிக்கறான்?”

“எப்பவுமேதான்.”

“நீயும்?”

முகத்தைத் திருப்பிக்கொண்டு பேஸை உறையில் போட்டேன்.

அக்டோபர் 1, புதன்

சூனிவாவை டென்மார்க்கில் ஒரு குழு கூப்பிடுகிறது. யோசிக்கிறாளாம்.

அக்டோபர் 8, புதன்

ஒத்திகை. ஆஸ்பியோன் வந்தான், உட்கார்ந்தான், வாசிக்கவே இல்லை. நாங்கள் மூவரும் வாசித்தோம், காத்திருந்தோம், மறுபடி வாசித்தோம். கடைசியில் சூனிவா பொறுக்க முடியாமல் சாக்ஸபோனை இறக்கினாள்.

“என்னங்க, தூங்கிட்டீங்களா? ஏதாவது வாசிங்க, உயிர் போகுது!”

“இரும்மா. கேட்டுட்டிருக்கேன்.”

“கேட்டது போதும். அடுத்த வாரமாவது வாசிச்சுத் தொலைங்க.”

அடுத்த வாரம் என்றாள், டென்மார்க் என்று சொல்லவில்லை. இங்வே என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் காதில் விழாத மாதிரி சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன்.