தறிக்கூடத்துப் பேச்சு

மார்ச் 9

அண்ணாவுக்கு,

அம்மாவுக்குப் புத்தி தடுமாறவே இல்லை. காதுதான் போயிருந்தது. அது தெரியாமல் முதியோர் இல்லத்தில் கொண்டுபோய்ப் போட்டோம். பதினோரு மாதத்தில் செத்துப்போனாள். யோசனை உன்னுடையது, கையெழுத்து என்னுடையது. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

அம்மாவோடு மில்லில் தறி ஓட்டிய ஒருவர் நேற்று துக்கம் விசாரிக்க வந்தார். அத்தை என்று கூப்பிடுகிறேன்.

"சூப்பர்வைசர் மாதிரி நடிச்சுக் காட்டுவா பாரு, சிரிச்சுச் சிரிச்சு நூலை அறுத்துடுவோம்."

நம் அம்மாவா? வீட்டில் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாதவளா? அந்தத் தறிச் சத்தத்தில் எப்படிப் பேசிக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"காதால யாரு கேட்டா? சத்தம் விடாம வாயசைப்போம். உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்குவோம். எங்க எல்லாருக்கும் காது எப்பவோ போச்சு. மூட்டை மூட்டையா பஞ்சு வந்து இறங்கும், காதுல வைக்க ஒரு துணுக்குக் குடுத்தானா மில்லுக்காரன்?"

நாம் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினோம். நீ போனில் பேசினாய். டாக்டர் முகக்கவசத்தோடு "இன்னைக்கு என்ன கிழமை?" என்றார். அவள் விழித்தாள். மறதி நோய் என்று எழுதிவிட்டார்.

கேட்கவில்லை என்று அவள் ஏன் ஒருநாளும் சொல்லவில்லை? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

தங்கை

மார்ச் 24

அன்புத் தங்கச்சிக்கு,

முதலில் வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

ஆனால் யாரோ ஒரு மில்லுக்காரம்மா சொன்னதை வைத்து டாக்டரைக் குறை சொல்லலாமா? குக்கரை இரண்டு தடவை கருக விட்டாளே? இல்லத்துக்குக் கிளம்பிய அன்று நீ அனுப்பிய வீடியோ என்னிடம் இருக்கிறது. கார் ஜன்னலோரம் உட்கார்ந்து சத்தமே இல்லாமல் வாயை வாயை அசைக்கிறாள். புத்தி தெளிவாக இருக்கிறவள் செய்கிற காரியமா அது?

நாம் நல்லதைத்தான் நினைத்தோம். போனவளை நிம்மதியாக இருக்க விடு.

உன் அண்ணன்

ஏப்ரல் 6

அண்ணா,

சத்தமில்லாமல் வாயை அசைத்தாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். தறிக்கூடத்தில் அப்படித்தானே பேசுவார்கள்! அவள் என்னிடம் பேசியிருக்கிறாள். நான் முகத்தைப் பார்க்கவில்லை, படம் சரியாக விழுகிறதா என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் போனும் உடைந்துபோயிற்று. உன்னிடம் இருப்பது ஒன்றுதான்.

அனுப்பு. அத்தை பார்த்துச் சொல்லிவிடுவார். "வீட்டிலேயே இருக்கேன்" என்றாளா? திட்டினாளா? "பரவாயில்லடி" என்றாளா? குக்கர் கருகியது மறதியாலா, விசில் கேட்காததாலா, அதுவே எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை வெறும் உளறலாகவும் இருக்கலாம். அப்படியானால் நான் உன்னைச் சொன்னதெல்லாம் தப்பு. அதுவும் தெரியட்டும்.

தங்கை

ஜூன் 2

அண்ணா,

இரண்டு மாதம் ஆகிறது. போன் போட்டால் அண்ணி, "அவர் வெளியே போயிருக்காரே" என்கிறார். பின்னால் உன் இருமல் கேட்கிறது. எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது.

உனக்குப் பயம். எனக்கும்தான். "கண்ணு மங்கிட்டே வருது, சீக்கிரம் கொண்டா" என்கிறார் அத்தை. மில்லில் அம்மாவோடு இருந்தவர்களில் மிச்சம் இருப்பது அவர் ஒருத்தர்தான்.

வீடியோவை அழித்துவிட்டாயென்றால் அதையாவது எழுது. இல்லையென்றால் அனுப்பு.

தங்கை