பெஸூஹ் என்றால் விருந்தாளி

பிப்ரவரி 6

அன்புள்ள என்னவருக்கு,

நானும் அத்தையும் நலம். போனில் கூப்பிட்டால் "வேலையில இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்கிறீர்கள். அந்த அப்புறம் வருவதேயில்லை. கடிதமென்றால் படித்துத்தானே ஆக வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

ஜெர்மன் வகுப்பில் இந்த வாரம் 'பெஸூஹ்' என்றொரு சொல். கடைசி எழுத்துக்குத் தொண்டையில் முள் சிக்கியதுபோல் செரும வேண்டும். வருகை என்றும் பொருளாம், வருகிற விருந்தாளி என்றும் பொருளாம். ஒருவர் வந்தாலும் பத்துப் பேர் வந்தாலும் சொல் மாறாதாம். டீச்சர் ஒரு வாக்கியம் கேட்டார். "லீவுக்கு என் கணவர் பெஸூஹாக வருகிறார்" என்றேன்.

"சொந்த வீட்டுக்கு வர்றவரை அப்படிச் சொல்லக் கூடாதும்மா. வந்துட்டுத் திரும்பிப் போறவங்கதான் பெஸூஹ்."

வகுப்பே சிரித்தது. அவரும் வந்துவிட்டுத் திரும்பித்தான் போகிறார் என்று வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

அங்கே இந்தச் சொல்லை எப்படியெல்லாம் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். போன தடவை பேச்சுத் தேர்வில் கோட்டைவிட்ட மாதிரி இந்தத் தடவை விடக் கூடாது. தேறினால்தானே மனைவி விசா தருவார்கள்? அதற்காகத்தானே கண்ணாடிக் கடை வேலையையும் விட்டேன்?

உங்கள் வாயாடி

பிப்ரவரி 25

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். உன் டீச்சர் சொன்னது சரிதான். யார் வீட்டிலாவது போய்த் தங்கியிருந்தால் 'ஸு பெஸூஹ்' இருக்கிறேன் என்பார்கள். தன் வீட்டுக்கு ஆள் வந்திருந்தால் பெஸூஹ் வைத்திருக்கிறேன் என்பார்கள். காய்ச்சல் வந்தாலும் இங்கே 'காய்ச்சல் வைத்திருக்கிறேன்' என்றுதான் சொல்வார்கள்.

எங்கள் முதியோர் இல்லத்தில் அதிகம் காதில் விழுவதே இந்தச் சொல்தான். தபால்காரராக இருந்த ஒருவர், ஞாயிறு காலையிலேயே சவரம் செய்துவிடச் சொல்லி, சட்டைப் பித்தானெல்லாம் போட்டுக்கொண்டு, "எனக்கு பெஸூஹ் வருதா?" என்பார். "இன்னைக்கு இல்லையே" என்போம். சாயங்காலம் அந்தச் சட்டையை நான்தான் கழற்றிவிடுவேன்.

தேர்வு தேர்வு என்று அலட்டிக்கொள்ளாதே. அடுத்த வருடம் எழுதினாலும் குடிமுழுகிப் போகாது. வீடு சின்னது, எனக்கே போதவில்லை. அம்மாவையும் தனியாக விட முடியாது, யோசி.

இப்படிக்கு,
உன் கணவன்

ஏப்ரல் 18

அன்புள்ள உங்களுக்கு,

தேர்வில் தேறிவிட்டேன். அதைச் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார். நீங்கள் குளித்துக்கொண்டிருப்பதாக ஜெர்மனில் சொன்னார். எனக்கோ, புரிந்துவிட்டதே என்று ஒரே குஷி. யாரோ வீட்டுக்கு வந்திருக்கிறார்கள், நாமும் நாலு வார்த்தை பேசிக் காட்டலாம் என்று, "நீங்க பெஸூஹா?" என்று ஜெர்மனிலேயே கேட்டேன்.

"இல்லையே, நான் இங்கதான் குடியிருக்கேன்" என்றார். பிறகு, "நீங்க அவரோட தங்கச்சிதானே? உங்களைப் பத்திச் சொல்லியிருக்காரு."

குரலில் கள்ளமே இல்லை. எனக்குப் புரியட்டும் என்று நிறுத்தி நிதானமாக வேறு பேசினார். ஒரு சொல்கூட விளங்காமல் போகவில்லை. "ஆமா, தங்கச்சிதான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

என்னவென்று எழுதுங்கள். அத்தைக்கு இன்னும் தெரியாது.

உங்கள் மனைவி

மே 12

அன்புள்ள உனக்கு,

எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. இந்த ஊரில் தனியாகக் கிடந்து பார்த்தவர்களுக்குத்தான் என் நிலை புரியும். அவளிடம் நீ ஒன்றும் சொல்லாமல் விட்டது பெரிய மனசு.

உனக்கு ஆசையிருந்தால் சுற்றுலா விசாவில் ஒரு மாதம் வந்து பார்த்துவிட்டுப் போ. டிக்கெட் நான் எடுக்கிறேன். தங்குவதற்கும் வேறு இடம் பார்த்துத் தருகிறேன். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

தேறியதற்கு வாழ்த்துகள்.

ஜூன் 2

உங்களுக்கு,

நான் வரவில்லை.

கண்ணாடிக் கடைக்குப் போனேன். என் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருக்கிறார். அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி காபி கொடுத்து, "ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க" என்றார். அன்றைக்கே திரும்பிவிட்டேன்.

அத்தையிடம் நேற்றுச் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உங்களைத் திட்டுவார் என்று நினைத்தேன். உரித்த வெங்காயத்தையே எடுத்து மறுபடி உரித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அப்ப நீயும் போயிடுவியாம்மா?"

எங்கே போவது என்று அவரிடம் எப்படிக் கேட்பேன்?