குடைத்துணி சுற்றிய டேங்க்

என் பாசமுள்ள சூசை அண்ணே,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. இருந்தவரைக்கும் உனக்கு நான் எழுதியதெல்லாம் இன்லண்டு லெட்டர்தான், அதிலும் பாதிப் பக்கம் காலியாகவே கிடக்கும். இப்போது ஒரு முழு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு எழுத முடிந்தவள் அப்போது ஏன் எழுதவில்லை என்று நீ கேட்க மாட்டாய். ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

முதலில் ஊர்ச் சேதி. மலை உச்சியில் டி.வி. கோபுரம் எழும்பிவிட்டது. அட்டுவம்பட்டியில் நம் தெருவிலேயே இரண்டு வீட்டில் பெட்டி வாங்கிவிட்டார்கள். லூர்து மதினி நன்றாக இருப்பதாகத்தான் சொல்கிறார், சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. ஏரியில் படகு ஏறும் இடத்தில் உன் வேலைக்கு வேறொருவர் வந்திருக்கிறார். நீ துடுப்பைத் துடைத்துக் கொடுப்பாய். அவர் ஈரத்தோடு அப்படியே நீட்டுகிறார்.

மலைப்பாதையில் வருஷக்கணக்கில் ஜீப் ஓட்டிய கை, கடைசியில் டூரிஸ்ட்டுகளுக்குத் துடுப்பு எடுத்துக் கொடுத்தது. உன் கவனக்குறைவால் அப்படி ஆனது என்று ஊர் நம்புகிறது. அது உன்னால் ஆனது இல்லை, என்னால் ஆனது. அதை நாலு பேர் அறியச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மதுரையில், வண்டிகளுக்கு பிளாஸ்டிக் டேங்க் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் டிராயிங் போடுகிறவள். பிரேக் ஆயில் குறைந்தால் டிரைவர் கண் முன்னால் சிவப்பு லைட் எரிய வேண்டும். அதற்காக ஒளியால் வேலை செய்யும் ஒரு சென்சாரை டேங்குக்குள் வைத்துப் பார்த்தோம். விரல் நுனி அளவுக்கு ஒரு கண்ணாடி முனை. அதற்குள் ஒரு குட்டி விளக்கு, பக்கத்திலேயே வெளிச்சத்தை உணரும் ஒரு கண். முனை ஆயிலில் முங்கியிருந்தால் வெளிச்சம் ஆயிலுக்குள் போய்விடும். ஆயில் இறங்கிவிட்டால் வெளிச்சம் முனையில் பட்டுத் திரும்பிக் கண்ணில் விழும், உடனே சிவப்பு லைட். இதை எழுதும்போது இப்போதும் கொஞ்சம் பெருமை வருகிறது. வெட்கங்கெட்ட பெருமை.

டேங்கைப் பால் நிற பிளாஸ்டிக்கில் செய்தோம், ஆயில் மட்டம் வெளியிலிருந்தே தெரியட்டும் என்று. மதுரை ஷெட்டுக்குள் பானெட்டை மூடி வைத்து எத்தனையோ தடவை சோதித்தோம். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. மலையில் ஓட்டிப் பார்க்க ஒரு வண்டி வேண்டும் என்றதும் உன் பெயரை நான்தான் சொன்னேன். நீ ஓட்டிய ஜீப்புக்குச் சொந்தக்காரரான காய்கறி கமிஷன் கடை முதலாளியிடம் நீ கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கினாய்.

மன்னவனூரிலிருந்து கேரட் மூட்டையோடு ஏறும்போது நீங்கள் ஜீப்காரர்கள் எல்லாரும் ஒன்று செய்வீர்கள். என்ஜின் சூடேறாமல் இருக்க பானெட்டை ஒரு சாண் தூக்கி, யூகலிப்டஸ் கட்டையைச் சொருகி, கயிற்றால் கட்டிவிடுவீர்கள். பாவாடை கட்டின வயதிலிருந்து நான் பார்த்த காட்சி அது. ஆனால் மேஜையில் உட்கார்ந்து டேங்க் வரைந்தபோது அந்தக் கட்டை என் நினைவுக்கு வரவில்லை. மதுரைக்காரர்கள் மறந்தால் சரி, நான் எப்படி மறந்தேன்?

இரண்டு வாரத்தில் போஸ்ட் ஆபீசிலிருந்து டிரங்க் கால் போட்டாய்.

"ஏ ஜெசி, ஆயிலு நெறைய இருக்கும்போதே ஒன் லைட்டு எரியுது."

"ஒயர் லூசா இருக்கும்ணே."

"ஒயரெல்லாம் வெள்ளனே பாத்துட்டேன். வெயில்லதான் புள்ள எரியுது. மஞ்சு எறங்குனா அணஞ்சுருது. மரத்துக்கு மரம் வெயிலு விட்டு விட்டு விழுற எடத்துல இதுவும் விட்டு விட்டு எரியுது."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. தூக்கிக் கட்டிய பானெட்டின் இடுக்கு வழியாக வெயில் நுழைகிறது, பால் நிறச் சுவரைத் தாண்டிக் கண்ணில் விழுகிறது, ஆயில் தீர்ந்துவிட்டது என்று கண் ஏமாறுகிறது. விஷயம் அவ்வளவுதான். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "நீ வண்டிய ஓட்டுண்ணே, யோசிக்கிற சோலிய நாங்க பாத்துக்கிறோம்." விளையாட்டாகத்தான் சொன்னேன். நீயும் சிரித்துவிட்டுப் போனை வைத்தாய்.

ஈஸ்டருக்கு நான் வந்தபோது பானெட்டைத் திறந்து காட்டினாய். டேங்கைச் சுற்றி மதினியின் பழைய கறுப்புக் குடைத்துணி, கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

"இப்பப் பாரு, நாலு நாளா ஒழுங்கா இருக்கு" என்றாய்.

"எங் குடையக் கிழிச்சுட்டாக ஜெசி. நல்லா நாலு வார்த்த கேளு" என்று மதினி பின்னாலிருந்து முறையிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. அடுத்த வாரம் மேனேஜர் வண்டியைப் பார்க்க வருவதாக இருந்தது. நான் வரைந்த பளபளப்பான டேங்குக்கு ஒரு கிழிந்த துணியா? "டிரையல் டேங்குல கை வைக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல? மூடிக் கட்டிட்டா உள்ள ஆயில் எப்படித் தெரியும்?" என்று கத்திவிட்டு நானே கம்பியை அவிழ்த்தேன். நீ துணியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய்.

"சரி தாயி. படிச்சவ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அது கேலியா, மனத்தாங்கலா? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அந்த வாரம் மேனேஜர் வரவேயில்லை.

மறுபடி லைட் எரிய ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் நிறுத்தி இறங்கிப் பார்ப்பதில் லோடு தாமதமாகிறது, முதலாளி வைகிறார் என்று எழுதினாய். அதற்கு நான் போட்ட இன்லண்டில் இருந்தது நாலே வரி. 'பகலில் லைட் எரிந்தால் கண்டுகொள்ளாதே அண்ணே. அது பொய் லைட். வண்டியை நிறுத்த வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு வரும்போது சரிசெய்து தருகிறேன்.' அதற்குள் எனக்கும் விஷயம் புரிந்துவிட்டது, அண்ணே. நீ சொன்னதுதான் சரி என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை, அதனால் கிறிஸ்துமஸுக்குத் தள்ளிப்போட்டேன்.

கிறிஸ்துமஸ் வருவதற்கு முன்னாலேயே அது நடந்தது. நல்ல வெயில். மதினி கூக்கால் கிராமத்தில் தன் அக்காவைப் பார்த்துவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தார். பூம்பாறை தாண்டி ஒரு இறக்கத்தில் பிரேக் குழாய் கசிந்து ஆயில் வடிந்துகொண்டிருந்தது. லைட் எரிந்தது. அந்தத் தடவை அது உண்மையைத்தான் சொன்னது.

"ஏங்க, செவப்பா எரியுதே, என்னன்னு பாருங்க" என்றார் மதினி.

"அது கெடக்கு" என்றாய் நீ.

வளைவில் பிரேக்கை மிதித்தபோது கால் அடிவரை இறங்கிவிட்டது. பள்ளத்துப் பக்கம் போகவிடாமல் மலைப்பக்கமாக ஒடித்து, பாறையில் மோதி நிறுத்தினாய். ஜீப்பின் முன்பக்கம் நசுங்கியது. உன் இடது மணிக்கட்டு முறிந்தது. மதினிக்கு நெற்றியில் தையல் போட்டார்கள். ரோடெல்லாம் கேரட் உருண்டு கிடந்ததாம்.

விசாரிக்க மேனேஜரும் நானும் வந்தோம். கடை வாசலில் முதலாளி நின்றார், மதினி நெற்றிக் கட்டோடு நின்றார். உன் கை தூளியில் தொங்கியது.

"லைட் எரிஞ்சுதா?" என்று மேனேஜர் கேட்டார்.

"எரிஞ்சுச்சு சார்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"அப்புறம் ஏன் நிறுத்தல?"

நீ என்னைப் பார்த்தாய். சொல்லிவிடப் போகிறாய் என்று நினைத்தேன். அந்த இன்லண்டு வெளியே வந்தால் அன்றைக்கே என் வேலை போயிருக்கும்.

"நெனப்பு வேற எங்கயோ போயிருச்சு சார்" என்றாய்.

நான் தலையைக் குனிந்துகொண்டு அதை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதினேன். எச்சரிக்கை விளக்கு சரியாக வேலை செய்தது, ஓட்டுநர் கவனிக்கவில்லை. என் கையெழுத்து அன்றைக்கு வழக்கத்தைவிட அழகாக இருந்தது.

முதலாளி உன்னை நிறுத்திவிட்டார். லைட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டியவன் என்ற பேச்சு வெரசாப் பரவி, மலையில் எவரும் உன்னிடம் சாவி கொடுக்கவில்லை. மதினி, "நாஞ் சொன்னேன்ல, கேட்டாகளா?" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டாத நாள் இல்லை.

மதுரைக்குத் திரும்பி நான் புது டேங்க் வரைந்தேன். கறுப்பு பிளாஸ்டிக், உன் குடைத்துணி மாதிரி. மட்டம் பார்க்க ஒரு ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குப் பால் நிற ஜன்னல். சென்சாரைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுவர். ஒன்றின் வாசலுக்கு நேரே மற்றதன் வாசல் வராது. ஆயில் வளைந்து வளைந்து உள்ளே போய்விடும், வெயில் அப்படி வளைந்து போக முடியாது. ஜன்னல் வழியாக எவ்வளவு வெளிச்சம் வந்தாலும் முதல் சுவரோடு சரி. இந்தத் தடவை உச்சி வெயிலில், வெட்டவெளியில், பானெட்டே இல்லாமல் வைத்துச் சோதித்தோம். லைட் எரியவில்லை. எல்லாரும் கை கொடுத்தார்கள். யோசனை எங்கிருந்து வந்தது என்று ஒருத்தர் கேட்டார். "சும்மா, தோணுச்சு சார்" என்றேன்.

அடுத்த சீசனில் உன்னை ஏரியில் பார்த்தேன்.

"புது டேங்கு கறுப்பாமே?"

"ஆமாண்ணே."

"நல்லது" என்றாய். வரிசையில் நின்றவர்களுக்குத் துடுப்பு எடுக்கத் திரும்பிவிட்டாய். உன் இடது மணிக்கட்டு சரியாக மடங்கவில்லை. அப்போதாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம், அண்ணே. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைக்கிறேன். உன் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் மதினி உன் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து வந்தார். நாலாக மடித்த குடைத்துணி. அதற்குள் உன் லைசென்ஸ், என் இன்லண்டு.

"எனக்கு வாசிக்க வரல. ஒன் எழுத்து மாதிரி தெரியுது. இதுல என்ன எழுதியிருக்கு ஜெசி?"

மதினியின் நெற்றித் தழும்பு என் கண்ணுக்கு நேராக இருந்தது. நான் சொன்னேன்: "ஒண்ணுமில்ல மதினி. சும்மா நல்லாயிருக்கீங்களான்னு கேட்டு எழுதுனது."

"அதையா இத்தன வருசம் பொத்தி வச்சிருந்தாக?" என்று கேட்டுவிட்டு, அதைத் திரும்ப மடித்து வைத்தார்.

நீ உயிரோடு இருந்தபோது உனக்குச் செய்ததைவிட இது பெரிய துரோகம். என்னைக் காப்பாற்றுவதற்காகப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் இருந்தாயே. செத்த பிறகும் நீயே எனக்காகப் பழி சுமக்க வேண்டுமா?

அதனால்தான் இதை நம் பங்குக் கோயில் மாத இதழுக்குக் கொடுக்கிறேன். முதலாளி வாசிக்கட்டும், ஜீப் ஸ்டாண்டில் வாசிக்கட்டும். கம்பெனிக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன், பழைய ரிப்போர்ட்டோடு சேர்த்து வைக்கச் சொல்லி. வேலை போனால் போகட்டும். புது டேங்க் டிராயிங்கின் மூலையில் 'வரைந்தவர்' என்ற கட்டம்தான் உண்டு. அதற்கு மேலே 'யோசனை' என்று ஒரு கட்டம் போட்டு உன் பெயரை எழுதியிருக்கிறேன். மேனேஜர் அதை அழித்தால் மறுபடி எழுதுவேன்.

ஆனால் அச்சில் வந்து, யாரோ வாசித்துச் சொல்லி மதினிக்குத் தெரியக் கூடாது. இதழ் வருவதற்கு முன்பே, இந்தச் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன், அண்ணே, இது சத்தியம். அந்தப் பொட்டலத்தை எடுத்து வரச் சொல்லி, மதினி முன்னால் உட்காருவேன். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்பார். இந்தத் தடவை எழுதியிருப்பதையே வாசிப்பேன்.

உன் பெயரைக் கெடுத்தவள்,
உன் கூடப்பிறந்த தங்கச்சி,
ஜெசிந்தா